அரையிஞ்சியின் அளவுக் கயிறு

என் கொழுந்தன் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் மனிதர்களைப் பார்க்கமாட்டான், கிணற்றைத்தான் பார்ப்பான். தோளில் வளையமாகச் சுற்றியிருக்கும் நூல் கயிற்றை எடுத்து, நுனியில் கட்டிய கல்லை உள்ளே இறக்குவான். கல் அடியில் தட்டியதும் கயிற்றை மேலே இழுத்து, எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறது என்று முழம் போடுவான். அதற்குப் பிறகுதான் "நல்லாயிருக்கீங்களா" என்று கேட்பான்.

அவனுக்குக் கல்யாணம் பேசப் போன வீட்டிலும் இதே கதைதான். பெண்ணின் அப்பா வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருக்கிறார். இவன் பின்பக்கமாகப் போய்விட்டான். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, "பொண்ணைப் பார்க்க வந்தீங்களா, கிணத்தைப் பார்க்க வந்தீங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

"கிணத்துல எட்டு முழம் தண்ணி இருக்கு. இனிமேதான் பொண்ணைப் பார்க்கணும்" என்றானாம்.

கேட்டவள்தான் பெண். அந்தச் சண்டை அவர்களுக்குள் இன்னும் தீரவில்லை.

அவன் பம்பு மெக்கானிக். ஆள் குள்ளம். குழாய்க்கடைக்காரர்கள் அவனுக்கு அரையிஞ்சி என்று பெயர் வைத்தார்கள். அரை இஞ்சுக் குழாய்க்குள்ளேயே நுழைந்து வேலை பார்த்துவிடுவான் என்று கேலி. பெயர் ஒட்டிக்கொண்டது. நான் இந்தக் குடும்பத்துக்கு வாழ வந்தபோது அவனுக்குப் பதினோரு வயது. எண்ணெய் வைத்துத் தலை சீவி விட்டது நான். ஆகையால் எனக்கு அவன் 'அவன்'தான். இப்போது அவனும் தாத்தாவாகிவிட்டான், மரியாதையாகச் சொல்லுங்கள் என்று, நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொள்கிற பேத்தி சொல்கிறாள். மரியாதை மனதில் இருக்கிறது, அது போதும்.

நாங்கள் குடியிருப்பது ஒரே முற்றத்தைச் சுற்றி ஒன்பது வீடுகள் உள்ள இடம். கீழே ஐந்து, மாடியில் நாலு. நடுவில் கிணறு, முப்பது அடி ஆழம். கிணற்றுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் தனி ஆள். ஆனால் ஒருநாளும் தனியாகச் சாப்பிட்டதில்லை. அவன் மனைவி, என் ஓரகத்தி, கிணற்றடியில் தொட்டி கட்டி ஒரு சின்ன மருத்துவமனையின் விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கிறாள். தினமும் முப்பது விரிப்பு, தலையணை உறை தனி. மூன்று அலசல் அலசாமல் விடமாட்டாள். "நோயாளி படுக்கிறதுக்கா, அக்கா. சோப்பு வாசனைகூட இருக்கக் கூடாது" என்பாள். அந்த வேலை அப்படியே கிணற்றை நம்பி நின்றது.

இப்போது கயிற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, வெயில் உச்சியில் இருக்கும்போது, எங்கள் கிணற்றை அவன் அளப்பான். கயிறு எதுவரை நனைந்ததோ அந்த இடத்தில் ஒரு துணித்துண்டைக் கட்டுவான். நூல் கயிறு தானாகவே கொஞ்சம் தண்ணீரை மேலே இழுத்துக்கொள்ளும். அதற்கு ஒரு விரற்கடை, அதாவது ஒரு விரல் அகலம், கழித்துக்கொள்வான். துணி தேடி வெளியே போகமாட்டான். "அண்ணி, இந்த வருஷத் துணி" என்று என்னிடம் வந்து நிற்பான். நான் பழைய புடவையில் ஓர் ஓரத்தைக் கிழித்துக் கொடுப்பேன். எனக்கு எழுத்துத் தெரியாது, வருடக் கணக்கும் நிற்காது. ஆனால் அந்தக் கயிற்றைப் பிரித்துப் போட்டால் நான் வாசித்துவிடுவேன். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற சிவப்பு, என் கடைசி மகன் வயிற்றில் இருந்தபோது கட்டியது. அப்போது கல்லிலிருந்து பன்னிரண்டு அடி உயரத்தில் தண்ணீர். அதற்குக் கீழே ஊதா, கட்டம் போட்டது, பூப்போட்டது. ஒவ்வொரு துண்டும் முந்தினதைவிடக் கொஞ்சம் கீழே, கல்லுக்குக் கொஞ்சம் பக்கத்தில். கயிற்றில் என் புடவைகள் எல்லாம் படி இறங்கிக்கொண்டிருந்தன.

ஏன் இறங்கின என்று கேட்டால் என் பெயரும் வரும். மறைக்கப்போவதில்லை.

முற்றம் முன்பு வெறும் மண். மழை பெய்தால் சேறு. ஒன்பது வீட்டுக் கால்களும் அந்தச் சேற்றை மிதித்து என் வாசல் வழியாகத்தான் தெருவுக்குப் போகும். ஒரு நாளைக்கு நாலு தடவை வாசலைத் துடைத்தவள் நான். வீட்டுச் சொந்தக்காரரைக் காணும்போதெல்லாம் சிமெண்டு போடுங்கள், சிமெண்டு போடுங்கள் என்று பிடுங்கி எடுத்தேன். அந்த மனிதர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே வேறு பக்கம் திரும்பிப் போவார். கடைசியில் என் தொல்லை தாங்காமல் போட்டார். வேலை செய்தது யார்? என் கொழுந்தன்தான். முற்றம் முழுக்க, கிணற்றுச் சுவர் வரைக்கும், ஓர் ஈர்க்குச்சி நுழைய இடமில்லாமல் பூசிக் கொடுத்தான். தண்ணீர் தேங்காமல் தெருச் சாக்கடைக்கு ஓடும்படி வாட்டமும் வைத்தான். அன்றைக்கு அந்த முற்றத்தில் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அதே சமயத்தில் எதிரே லாட்ஜ் எழும்பியது. மூன்று மாடி. அவர்கள் முந்நூறு அடிக்குக் குழாய் இறக்கி ராத்திரி பகலாக உறிஞ்சினார்கள். பிறகு தெருவில் ஒவ்வொரு வீடாக முற்றத்தை மூடியது, ஆழத்தில் குழாய் இறக்கியது. கோடை வந்தால் என் கொழுந்தனுக்கு நிற்க நேரமில்லை. "அரையிஞ்சி, தண்ணி வரல, மோட்டார் காத்தை இழுக்குது" என்று ஆள் வரும். இவன் போய்க் கிணற்றுக்குள் இறங்கி, குழாயில் ஒரு துண்டு சேர்த்து, அடியில் தண்ணீரை உறிஞ்சுகிற ஃபுட்வால்வைக் கீழே இறக்கிவிட்டு வருவான். அடுத்த கோடையில் மறுபடியும் அதே வீடு, மறுபடியும் ஒரு துண்டு.

ஒரு வருடம் அவன் எங்கள் கிணற்றுக்குள் இறங்கினான். ரொம்ப நேரம் சத்தமில்லை. நான் எட்டிப் பார்த்து, "தம்பி, என்னடா பண்றே?" என்றேன்.

"உக்காந்திருக்கேன், அண்ணி."

"கிணத்துக்குள்ளயா?"

"இறக்குறதுக்கு இடமில்ல. வால்வு தரையில உக்காந்திருச்சு. அதான் நானும் பக்கத்துல உக்காந்துட்டேன்."

அந்த வருடம் கட்டிய துணி சாம்பல் நிறம். கல்லிலிருந்து அரை அடி. கல்லோடு சேர்த்துக் கட்டினதுபோல இருந்தது.

ஒரு வாரத்தில் வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பேசும்போது மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார். கிணற்றை மண் போட்டு மூடிவிட்டு, அந்த இடத்தில் கார் நிறுத்தக் கொட்டகை போடப்போவதாகச் சொன்னார். குடிக்கவும் புழங்கவும் லாரித் தண்ணீர் ஏற்பாடு செய்வாராம்.

"லாரித் தண்ணியில முப்பது விரிப்பு அலச முடியுமா, சார்?" என்று என் ஓரகத்தி கேட்டாள்.

"அது உங்க தொழில், அம்மா. காலிக் கிணத்தை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது? எந்தக் குழந்தையாவது விழுந்தா யார் பதில் சொல்றது?"

அன்று சாயங்காலமே அவள் ஊரின் அந்தக் கோடியில், ஆற்றோரமாக, ஒரு வீடு பார்த்து வந்தாள். தண்ணீர் உண்டாம். இங்கிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். "நீங்களும் வந்துடுங்க, அக்கா" என்றாள். ஒரே அறை. அவர்களே நாலு பேர். நான் எங்கே போய்ப் படுப்பது? "நான் எங்கயும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குச் சாப்பிட மாட்டேன் என்றும் சொன்னேன். பிறகு சாப்பிட்டேன். பசித்தது.

மறுநாள் காலை என் கொழுந்தன் தன் மனைவியின் துவைக்கிற தொட்டி நிறைய மணலைக் கொட்டி நனைத்தான். ஒரு பால்பவுடர் டப்பாவில் ஆணியால் சுற்றிலும் ஓட்டை போட்டு மணலுக்குள் செருகினான். வீட்டுச் சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினான். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். மாடியில் குடியிருக்கும் டீச்சரும் இறங்கி வந்தாள். எங்கே நாலு பேர் நின்றாலும் ஐந்தாவது அவள்தான்.

டப்பாவுக்குள் மெல்ல மெல்லத் தண்ணீர் ஊறி நின்றது.

"இதுதான் சார் கிணறு. கிணத்துக்குள்ள தண்ணி பொறக்கிறதில்ல. சுத்தி இருக்கிற மண்ணு குடிச்சது போக மிச்சம், இங்க வந்து நிக்குது. அவ்வளவுதான்."

பிறகு ஒரு ரப்பர்க் குழாயைத் தொட்டியின் இன்னொரு மூலையில் அடிவரைக்கும் செருகி, வாய் வைத்து உறிஞ்சித் துப்பினான். டப்பாவில் தண்ணீர் இறங்கி வற்றியது. "இது எதிர்த்தாப்புல லாட்ஜு." அடுத்து மணல் முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் மூடி, அதன்மேல் ஒரு குடம் ஊற்றினான். தண்ணீர் அத்தனையும் தாளில் வழிந்து எங்கள் காலை நனைத்துக்கொண்டு சாக்கடைக்குப் போனது. டப்பா அப்படியே காய்ந்து கிடந்தது. "இது நான் பூசின சிமெண்டு."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்திருக்கும். பார்க்காததால் ரொம்பக் கோபம் வந்தது.

"மாடித் தண்ணி, முற்றத்துத் தண்ணி எல்லாத்தையும் மண்ணுக்குள்ள அனுப்பிடலாம், சார். ஒரே ஒரு மழைக்காலம் குடுங்க."

வீட்டுச் சொந்தக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கயிற்றைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு துணியாகப் பார்த்துக்கொண்டு வந்து, பச்சையில் விரலை வைத்தார். ஆறு வருடத்துக்கு முந்தைய துணி அது. கல்லிலிருந்து ஐந்து அடி.

"அடுத்த கோடையில, இதே வெயில்ல, இது நனையணும். நனைஞ்சா கிணறு இருக்கும். இல்லைன்னா மண் லாரி வரும்."

"சரி, சார்" என்றான் என் கொழுந்தன்.

அந்தப் பச்சைப் புடவை ஒரு நாளும் எனக்கு ராசியாக இருந்ததில்லை. கட்டிக்கொண்டு போன முதல் நாளே ஆணியில் மாட்டிக் கிழிந்தது. வேறு துணியைக் காட்டக்கூடாதா என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை ஆரம்பித்தது. முற்றத்து ஓரமாகச் சிமெண்டை முழ அகலத்துக்கு உடைத்தான். உடைத்த இடங்களில் ஆள் இறங்குகிற ஆழத்துக்கு ஐந்து குழிகள் தோண்டி, அடியில் பெரிய கல், அதற்குமேல் ஜல்லி, அதற்குமேல் மணல் போட்டு நிரப்பினான். மேலே இருந்து பார்த்தால் வெறும் மணல்தான். ஊற்றினால் குடம் குடமாகக் குடித்தது. வீட்டுச் சொந்தக்காரர் தெருப்பக்கம் தனக்கென்று வைத்திருந்த போர்ஷனின் குழாய்களைத் தவிர, மாடியிலிருந்து வருகிற மற்றக் குழாய்களை எல்லாம் சேர்த்து ஒரு பழைய டிரம்முக்குக் கொண்டுவந்தான். அந்த டிரம்மிலும் கல், ஜல்லி, மணல். அதில் வடிகட்டி வருகிற தண்ணீர் நேரே கிணற்றுக்குள் போகும்.

என் வாசலுக்கு வந்தபோது நான் நாற்காலியைப் போட்டுச் சிமெண்டின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"அண்ணி, எழுந்திரிங்க."

"மாட்டேன். மத்ததை எல்லாம் உடைச்சுக்கோ. இதை உடைச்சா மறுபடியும் சேறு."

"சேறு வராது. மேல ஜல்லி போட்டுடறேன்."

"ஜல்லி காலைக் குத்தும்."

கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டான். "உங்க வாசல்தான் எல்லாத்துலயும் தாழ்வு. தண்ணி எல்லாம் இங்கதான் வரும்" என்றான். நான் அசையவில்லை. என் வாசலை மட்டும் விட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போனான்.

இன்னொரு வேலையும் செய்தான். அதுதான் அவன் மனைவியைக் கலங்க வைத்தது. தெருவில் குழாய் இறக்கித்தரச் சொல்லிக் கூப்பிட்டவர்களிடம், "வர்றேன், ஆனா முதல்ல உங்க மாடித் தண்ணிக்கு ஒரு குழி தோண்டுங்க. தோண்டினாத்தான் வருவேன்" என்று சொல்ல ஆரம்பித்தான். பாதிப்பேர் வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மூன்று வீட்டுக்காரர்கள் தோண்டினார்கள். லாட்ஜ் மானேஜர் மட்டும் சிரித்தார். இவன் அங்கேயும் போய்க் கயிற்றைப் பிரித்து அவர் மேஜையில் வைத்து, என் புடவைகளை ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறான். "எல்லாம் எங்க அண்ணி புடவைங்க, சார். இந்தத் துணி வருஷம் உங்க லாட்ஜ் வந்துச்சு." மானேஜருக்கு என்ன தோன்றியதோ, பின்பக்கத்து மாடித் தண்ணீருக்கு மட்டும் இரண்டு குழி போடச் சம்மதித்தார்.

மழைக்கு வானம் கறுக்க ஆரம்பித்த அன்று, "மாடி சுத்தமா இருக்கணும். அந்தத் தண்ணிதான் கிணத்துக்குப் போகுது" என்று எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

சுத்தம் என்றால் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். மாடி டீச்சரும் அப்படித்தான். அவள் விளக்குமாற்றை எடுத்தாள்; நான் தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்தேன். அவள் ஒரு வாளித் தண்ணீர் தூக்கினாள். நான் சோப்புத்தூளைக் கொட்டினேன். அவள் தன் பக்கத்துக்கு இரண்டு பொட்டலம் கொட்டினாள். என் முழங்கால் வலியையும் பார்க்காமல் நான் மூன்று கொட்டினேன். மாடி பளிங்காக மின்னியது. அலசி விடத்தான் தண்ணீர் இல்லை. மழை வந்து அலசிக்கொள்ளட்டும் என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்தோம். எங்கள் இருவருக்கும் வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போனது, அது இது.

மறுநாள் மத்தியானம் மழை. நல்ல கனமான மழை. மாடியிலிருந்து சோப்புத் தண்ணீர் திரண்டு வந்து, டிரம்மில் மணலுக்குமேல் வெள்ளையாகப் பொங்கி, கிணற்றுக்குள் இறங்கியது. எட்டிப் பார்த்தால் தண்ணீரே தெரியவில்லை. நுரைதான். ஒரு பெரிய சட்டியில் பால் பொங்குவதுபோல மேலே மேலே வந்தது.

என் கொழுந்தன் நனைந்துகொண்டே ஓடிவந்து எட்டிப் பார்த்தான்.

"யாரு?" என்றான்.

மாடி டீச்சர் என்னைக் காட்டினாள். நான் அவளைக் காட்டினேன்.

"அண்ணி, நான் கூட்டத்தானே சொன்னேன்?"

"நீ கூட்டச் சொல்லலே. சுத்தம்னு சொன்னே. சுத்தம்னா எனக்கு இதுதான்."

என் ஓரகத்தி ஒரு வாளி இறைத்து, அதில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "சோப்பு வாங்குற செலவு மிச்சம், அக்கா" என்றாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. முதல் மழையின் தண்ணீர் முழுவதையும் இரண்டு நாள் மோட்டார் வைத்துச் சாக்கடைக்கு இறைத்துத் தள்ளினோம். தண்ணீர் வேண்டும் என்று தவம் கிடந்த கிணற்றைக் காலி செய்தோம். என் வாழ்நாளில் அந்த இரண்டு நாள் மட்டும் நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

அவன் திட்டவில்லை. டிரம்முக்கு முன்னால் குழாயில் ஒரு கிளை வைத்து, அதற்குத் திருகு மூடி போட்டான். மூடியைத் திறந்து வைத்தால் மாடித் தண்ணீர் வெளியே போய்விடும். மூடினால் டிரம்முக்குப் போகும். "சோப்பு இல்லாட்டியும் முதல் தண்ணியில தூசி, பறவை எச்சம் எல்லாம் வரும். கால்மணி நேரம் வெளிய விட்டுட்டு அப்புறம் மூடணும். இது உங்க வேலை, அண்ணி."

"எனக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது."

"அப்ப என்ன செய்வீங்க?"

நான் செய்துகாட்டினேன். வெள்ளை எனாமல் கிண்ணத்தை மூடிக்குக் கீழே பிடித்தேன். கிண்ணத்தின் அடியில் இருக்கிற நீலப்பூ தெளிவாகத் தெரியும்வரை தண்ணீரை வெளியே விட்டேன், தெரிந்ததும் மூடினேன். சில மழைக்குக் கால்மணி, சில மழைக்கு அரைமணி ஆகும். அவன் சொன்னதைவிட இது சரி என்று அவனே ஒப்புக்கொண்டான். அந்த மழைக்காலம் முழுக்க, எந்த நேரத்தில் மழை தட்டினாலும் குடையும் கிண்ணமுமாக நான்தான் முற்றத்தில் நிற்பேன். அந்தக் கிண்ணத்தில் யாரையும் எதுவும் தின்னவிடவில்லை.

அப்படி நிற்கும்போதுதான் பார்த்தேன். மற்ற வாசல்களில் விழுந்த தண்ணீர் மணலுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இறங்குகிறது. என் வாசலில் மட்டும் கண்ணாடிபோல நின்று, சுழன்று, கூட்டமாகத் தெருச் சாக்கடையைப் பார்த்து ஓடுகிறது. எத்தனை குடம் இருக்கும்? நான் எண்ணப் பார்த்தேன். எண்ண முடியவில்லை. என் ஓரகத்தியின் ஒரு நாள் அலசலாவது இருக்கும். நான் கிண்ணம் கிண்ணமாகக் காத்துக் கொடுத்ததை என் வாசல் அண்டா அண்டாவாக ஊற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் அவன் வேலைக்குப் போன பிறகு கடப்பாரையை இழுத்துக்கொண்டு வந்தேன். மூன்று அடி போட்டேன். மூன்றாவது அடிக்கு ஓர் உள்ளங்கை அகலம் பெயர்ந்தது. அதற்குமேல் கை வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். அவன் வந்ததும், "யாரு உடைச்சது?" என்று கேட்டான்.

"தானா வெடிச்சுது. மீதியை நீ உடைச்சுடு" என்றேன்.

அவன் உடைத்தான். ஜல்லி காலைக் குத்தத்தான் செய்தது. நான் சொன்னால் சொன்னதுதான்.

மழை போனது, பனி போனது, வெயில் ஏறியது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் கீழே கறுப்பாகத் தண்ணீர் மின்னும். எவ்வளவு என்று தெரியாது. "ஒருதடவை கயிறு விட்டுப் பாரேன்டா" என்று நான் கேட்காத நாளில்லை.

"அந்த நாள் வரட்டும், அண்ணி. முன்னாடியே பார்த்துட்டா, அப்புறம் அளக்குறதுல என்ன இருக்கு?"

"மனசுக்கு ஒரு நிம்மதி இருக்குடா."

"இறங்கியிருந்தா?"

ஓரகத்தி மட்டும் அந்த ஆற்றோரத்து வீட்டுக்காரரிடம் வீடு வேண்டாம் என்று இன்னும் சொல்லாமல் வைத்திருந்தாள். இரண்டு பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்தும் வைத்திருந்தாள். அதை நான் பார்த்தேன்.

அளக்கிற நாளும் வந்தது. காலையில் அவன் குளிக்கப் போனான். கயிறு ஆணியில் தொங்கியது. நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். பச்சைத் துணியின் முடிச்சை அவிழ்த்தேன். ஒரு சாண் கீழே இறக்கி மறுபடியும் கட்டினேன். என் புடவை, என் துணி, நான் எங்கே வேண்டுமானாலும் கட்டுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பெட்டிகள் திரும்பக் கட்டிலுக்கு அடியில் போகவேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வெயில் உச்சிக்கு வந்ததும் வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். ஒன்பது வீடும் கிணற்றைச் சுற்றி நின்றது. அவன் கல்லை இறக்கினான். அது தண்ணீரில் விழுந்த சத்தமே வேறுமாதிரி இருந்தது. போன வருடம் டக்கென்றது, இப்போது குளுக்கென்றது. அடியில் தட்டியதும் நேராக நிறுத்தி, மேலே இழுத்தான். கயிறு சுவரின்மேல் வந்துகொண்டே இருந்தது. முதலில் காய்ந்த கயிறு, பிறகு ஈரம். ஈரத்தின் நுனிக்குக் கீழே, சொட்டச் சொட்ட, பச்சை.

"நனைஞ்சிருக்கு" என்றார் வீட்டுச் சொந்தக்காரர். மாடி டீச்சர் கைதட்டினாள். ஓரகத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

என் கொழுந்தன் பச்சைத் துணியை விரலால் தடவினான். முடிச்சைப் புரட்டிப் பார்த்தான். தலையைத் தூக்கி ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தான். பிறகு குனிந்துகொண்டு, "இல்ல, சார்" என்றான்.

"என்ன இல்ல?"

"இது என் முடிச்சு இல்ல. நான் இப்படிச் சுருக்குப் போடமாட்டேன். துணி இறங்கியிருக்கு."

கயிற்றில் மேலே தடவிக்கொண்டு போனான். பழைய முடிச்சு ஏழு வருடம் அழுத்தின இடம் பள்ளமாக, வெளுத்து இருந்தது. துணியை அவிழ்த்து அங்கே கட்டினான். ஈரத்தின் நுனியிலிருந்து அந்த இடம்வரை விரலை வைத்து அளந்தான். ஒரு விரற்கடையைக் கழித்தான்.

"நாலு விரக்கடை குறையுது, சார். பச்சை நனையல."

ஓரகத்தியின் கை என் தோளிலிருந்து இறங்கியது. சொந்தக்காரர் யார் இதைச் செய்தது என்று கேட்கவில்லை. சுற்றி ஒருதரம் பார்த்தார். என் முகத்தில் எழுதியிருந்திருக்கும். அந்த எழுத்தைப் படிக்க யாருக்கும் பள்ளிக்கூடம் போகவேண்டியதில்லை.

"நான்தான் கட்டினேன்" என்றேன். "நாலு விரக்கடைக்காக ஒரு குடும்பத்தை எழுப்பி அனுப்புவீங்களா?"

"அண்ணி, விடுங்க" என்றான் அவன்.

சொந்தக்காரர் கயிற்றைக் கையில் வாங்கினார். கல்லை ஒட்டிக் கிடந்த சாம்பல் துணியைப் பார்த்தார். அங்கிருந்து ஈரத்தின் நுனிவரை விரலை ஓட்டினார். நாலு அடிக்குமேல் இருந்தது.

"இது ஒரே வருஷத்துலயா?"

"மழையும் இந்தத் தடவை கை குடுத்துச்சு, சார். குழி மட்டும் காரணம்னு சொன்னா அது பொய்."

அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன். மாடியை அண்ணாந்து பார்த்து, "என் போர்ஷன் மேல ரெண்டு குழாய் இன்னும் தெருவுலதானே ஊத்துது?" என்று கேட்டார்.

"ஆமா, சார். நீங்க சொல்லாம எப்படித் தொடறதுன்னு விட்டுட்டேன்."

"அதையும் சேர்த்துக்கோ. அடுத்த கோடையில நனையணும். நனையலைன்னா லாரி வரும். இந்தத் தடவை கயித்தை நான் எடுத்துட்டுப் போறேன், என் பீரோவுல இருக்கட்டும்." என் பக்கம் திரும்பி, "பாட்டியம்மா கைக்கு எட்டாத இடத்துல" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் செய்தது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் மறுபடியும் அதே காலை வந்தால் அதே முடிச்சைத்தான் அவிழ்ப்பேன். இதையும் எழுதிக்கொள்.

"கொஞ்சம் இருங்க, சார். இந்த வருஷத் துணி இன்னும் கட்டல" என்று சொல்லிவிட்டு அவன் என் எதிரில் வந்து நின்றான். முகத்தில் கோபம் இருந்தது. பதினோரு வயதில் சிக்கெடுக்கும்போது இருந்த அதே கோபம். "அண்ணி, இந்த வருஷத் துணி."

பழைய புடவை எடுக்க உள்ளே போக எனக்குப் பொறுமையில்லை. கட்டியிருந்ததே மஞ்சள், புதுசு, இரண்டு தடவைதான் துவைத்தது. ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தேன். அவன் வாங்கவில்லை. ஈரத்தின் நுனியில், ஒரு விரற்கடை கழித்து, இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"நீங்களே கட்டுங்க" என்றான். "உங்க முடிச்சு எப்படி இருக்கும்னு நானும் தெரிஞ்சு வச்சுக்கறேன்."

கட்டினேன். நன்றாக இறுக்கி, சுருக்குப் போட்டு. அவன் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டிவிட்டேன். அதை அவிழ்த்து விடுவித்த பிறகு அவன் மனைவி கிணற்றடிக்குப் போய் அன்றைய விரிப்புகளைத் தொட்டியில் போட்டாள், மோட்டாரைத் தட்டினாள். காற்றை இழுக்கவில்லை.